மான்புடவின் பின்சுவர்

ஒட்டுப்பாறை டிவிஷன்,
ஜனவரி 8

அன்பு மகள் சோனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த வடநாட்டுக் காட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் 'சாப்பிட்டேம்மா' என்று ஒரே பதில்தான் வருகிறது. அது இன்றைக்குச் சாப்பிட்டதா, முந்தாநாள் சாப்பிட்டதா என்று கேட்பதற்குள் லைன் போய்விடுகிறது. பாறையில் எந்தக் காலத்திலோ யாரோ வரைந்த படத்துக்குக் குடை பிடிக்கிறாய், உன் உடம்பை யார் பார்ப்பது?

போனில் பேசாமல் காகிதத்தை எடுத்துவிட்டாளே என்று நினைக்காதே. இங்கே ஆன்மேரி வீட்டு வாசலில் நின்றால்தான் போன் எடுக்கிறது. நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசினால் லயத்தில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். அதுவுமில்லாமல், எழுதினால் நிதானமாக எழுதலாம்.

இந்த வருஷம் பனி மோசம். காலையில் தேயிலைக் காட்டுக்குப் போனால் கொளுந்தெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. வெயில் ஏறியதும் கருகிவிடுகிறது. விரல் மரத்துப்போய், கிள்ளுவது கொளுந்தா என் விரலா என்றே தெரிவதில்லை. ஆன்மேரி மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை அடிமாலியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நீ எப்போது என்று ஆன்மேரி கேட்டாள். அவளுக்கு மனிதர்களைவிட மான்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன். கோபிக்காதே, அவள் வாயை வேறு எப்படி அடைப்பது?

கோயிலில் வைத்த கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் நம் அன்பியக் குழுவுக்குத்தான் முதல் பரிசு. படம் அனுப்பச் சொல்லியிருந்தாய். யாரும் சரியாக எடுக்கவில்லை. விட்டுவிடு.

அப்பா போனுக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டாய். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூசி அதிகம். பேசினால் இருமல் வருகிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் உன் பேராசிரியர் அம்மாவோடு வந்து, மலைமேல் இருக்கிற நம் மான்புடவுக் குகையின் பின்சுவரைப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்த முறை வேண்டாம் மகளே. புடவுக்குப் போகிற வழியில் யானை நிற்கிறது, வனத்துறை யாரையும் விடுவதில்லை. மேல் பாதையும் ஓரிடத்தில் சரிந்துவிட்டது. போன தடவை அந்த அம்மா நம் வீட்டுப் பலகைக் கட்டிலில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டதே, அது வேறு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எத்தனையோ ஆயிரம் வருஷமாக இருக்கிற சுவர், ஒரு வருஷத்தில் எங்கே போய்விடப்போகிறது?

நீ மட்டும் ஈஸ்டருக்கு வந்தால் போதும். பாறையெல்லாம் பிறகு. நன்றாகச் சாப்பிடு. ஜெபத்தை விடாதே.

உன் நெற்றியில் சிலுவை இட்டு முத்தமிடும்,
அம்மா மதலேனம்மாள்


ஒட்டுப்பாறை டிவிஷன்,
ஜனவரி 27

என் மகளே சோனா,

நீ கூரியரில் அனுப்பிய அட்டைக் குழாய் நசுங்காமல் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இது நம் மூவருக்கும் நல்ல நாளாக விடியட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பனியும் ஆன்மேரி மகள் நிச்சயதார்த்தமும் குடில் பரிசும்தான் நிஜம். யானை வரவில்லை. பாதை சரியவில்லை. அப்பாவின் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. குடிலைப் பத்துப் பேர் படம் எடுத்தார்கள், நான்தான் யாரும் உனக்கு அனுப்பக்கூடாது என்று சத்தம் போட்டுவைத்தேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு முழுக் கடிதம் பொய் எழுதியிருக்கிறேன். அதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டுப் பூசைக்கும் போனேன்.

மான்புடவின் பின்சுவரில் இருந்த படங்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. அழித்தது அப்பா. எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், தயவு செய்து உட்கார்ந்து படி.

இந்த வருஷம் பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார். குடிலில் தெர்மாகோலோ பிளாஸ்டிக்கோ இருந்தால் போட்டியில் சேர்ப்பதில்லை என்று கோயிலில் அறிவித்துவிட்டார். நம் அன்பியத் தலைவர் சிலுவைராஜ் மூங்கில் என்றார். மற்றவர்கள் ஈச்ச ஓலை என்றார்கள். அப்பாதான் எழுந்து, ஆண்டவர் பிறந்ததே குகையில்தானே, மேலே நிஜக் குகை இருக்கும்போது எதற்குப் பொய்க் குடில் என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். குடில் என்றால் உன் அப்பாவுக்கு எத்தனை பைத்தியம் என்று உனக்கே தெரியும். டிசம்பரில் உன்னைப் பெற்று நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இங்கே களிமண் ஆட்டுக்குட்டிக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்த மனுஷன். கைதட்டலையும் கேட்டுவிட்டால் விடுவாரா?

புடவின் உள்ளே பின்சுவர் ஒரே கரி. மழைக்கு ஒதுங்கியவர்கள் எத்தனை காலம் அங்கே அடுப்பு மூட்டினார்களோ. இந்த இருட்டில் சம்மனசுகளின் சிறகு எங்கே தெரியும் என்று சொல்லி, சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து, மூலைக்கு மூலை வானம் அடித்தார். மேலே சில்வர் பெயிண்டில் நட்சத்திரம் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. சாமியார் மெழுகுதிரியோடு உள்ளே வந்து நின்று பார்த்துவிட்டு, பெத்லகேமே வந்துவிட்டது என்றார். நானும் பக்கத்தில் பெருமையோடுதான் நின்றேன்.

அப்பாவுக்குத் தெரியாதா, நான் கூட்டிப்போய்க் காட்டினேனே என்று நீ கேட்பாய். அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் அம்மாவோடு வந்து எங்களையும் அங்கே கூட்டிப்போனாய். அதுவரை, மழையில் மான் ஒதுங்குவதால் மான்புடவு என்று பேர் வந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சுவரிலேயே மான் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ மேலே ஏறி, விரலைப் பாறையில் படாமல் காற்றிலேயே நகர்த்தி, இது கொம்புள்ள மான், இது பின்னால் வருகிற குட்டி, இதெல்லாம் கை, வெள்ளைக் களிமண்ணில் முக்கி ஒற்றிய கை, கல்லை அரைத்துச் சிவப்பு எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாய். நாம் தூக்குவாளியை வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற மலைமேட்டு முனியறைகள் இருக்கின்றனவே, நாலு பலகைக் கல்லும் மேலே ஒரு மூடுகல்லும், அதைக் கட்டியவர்களுக்கும் முந்தியவர்களாக இருக்கலாம் என்றாய். உன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் உன் முதல் நற்கருணை நாளில்தான் பார்த்திருக்கிறேன். தெரிகிறதாப்பா என்று கேட்டாய். 'ஆமா பிள்ள, நல்லாத் தெரியுது, கொம்பெல்லாம் தெரியுது' என்றார். நானும் தலையாட்டினேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை மகளே. கரியும் பாசியும்தான் தெரிந்தது. எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். ஆனால் பேராசிரியர் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கொளுந்து கிள்ளுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று அவர்கள் நினைத்து, அதில் உன் தலை குனிந்துவிடக்கூடாதே என்று பயந்தேன். இறங்கி வரும்போது உன் அப்பா மெதுவாக என்னிடம் உனக்குத் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்ததே, ஏன் உங்களுக்குத் தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். எனக்கா, பளிச்சென்று தெரிந்தது என்றார். முப்பது வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்ட இரண்டு பேர், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே லயத்துக்கு வந்து சேர்ந்தோம்.

புடவின் வாசலில், வெளிப்பாறையில் சிவப்பாகச் சில கோடுகள் இருக்கின்றன அல்லவா, அது குருடனுக்கும் தெரியும். அன்று வாசலிலும் ஏணி போட்டு ஏறி நீ அளந்தாயே, உள்ளே கரியைத் தவிர எதுவும் தெரியாததால், அதுதான் உன் படம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். குடில் போடும்போது அந்தப் பாறையில் நட்சத்திரம் தொங்கவிட நம் அன்பியத்து ஏசுரத்தினம் ஆணியோடு வந்தான். 'இது எம்மக படிச்ச பாறை, ஆணிய வச்ச, கைய ஒடிச்சிருவேன்' என்று அவனை விரட்டியடித்தார். அந்த வாசலைக் காவல் காத்துவிட்டுத்தான் உள்ளே போய் வானம் அடித்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, புதுக் கேமராவோடு வந்து பின்சுவரைப் படம் எடுக்கப்போகிறோம், மங்கிப்போன நிறமெல்லாம் அதில் தெரியும் என்று சொன்னாய். வெளிப்பாறைதானே பிள்ள என்று அவர் கேட்டார். நீ சிரித்தாய். வெளியே இருப்பது இரும்புக் கறை அப்பா, படமெல்லாம் பின்சுவரில்தான் என்றாய். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டார். நீ பிறகு என்னிடம் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அவர் ஆன்மேரி வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஸ்டோருக்குப் போகாமல், வாளியும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். நீ வருவதற்குள் நீலத்தைக் கழுவிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று நினைப்பு. நான் சோற்றுத் தூக்கோடு பின்னால் போனேன். போய்ச் சேர்ந்தபோது, குடிலில் இருந்த மாதா சிலையையும் சூசையப்பர் சிலையையும் ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு, இடது பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு கண்ணில் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே தேய்த்தார். நீலமும் கரியும் சேர்ந்து அவர் காலடியில் ஓடியது. பிறகு வலது பக்கத்துக்கு வாளித் தண்ணீரை வீசிவிட்டு, பிரஷை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

நீலம் இறங்கிய இடத்தில், ஈரப் பாறையில், மான் நின்றது. நீ சொன்ன குட்டி நின்றது. கை ஒன்று, அதன் மேல் இன்னொன்று, வெள்ளையாக எழும்பி வந்தன. நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். 'மதலேனா, தெரியுது' என்றார் அப்பா. 'இப்பத்தான் தெரியுது.' அப்போதுதான் இரண்டு பேரும் இடது பக்கம் திரும்பினோம். அங்கே தோல் சீவின கிழங்கு மாதிரி வெறும் பாறை இருந்தது. கொம்புள்ள மானில் பின்னங்கால்கள் மட்டும் மீதி.

வெயில் ஏற ஏறப் பாறை காய்ந்து, மிச்சமிருந்ததும் மங்கி உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவரைத் தொடவில்லை. நீலத்தை அப்படியே விட்டிருந்தால் படித்தவர்கள் வந்து பதமாக எடுத்திருப்பார்கள் என்று நீ சொல்வாய். அவரும் அதைத்தான் சொல்கிறார். வெள்ளையடித்தது தெரியாமல் செய்தது, தேய்த்தது வெட்கத்தில் செய்தது, வெட்கம்தான் அதிகம் அழித்தது என்கிறார்.

சிலுவைராஜ் வீடு தேடி வந்தார். நீலமும் போய்விட்டது, குடிலும் எடுத்தாகிவிட்டது, இனி யார் கேட்டாலும் ஜீப்பில் வருகிற டூரிஸ்ட்காரர்கள் செய்தது என்று சொல்லிவிடலாம், கோயில் பேர் இதில் வரவேண்டாம் என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் காபி கொடுத்து, நீங்கள் சொல்வதும் சரிதான் என்றேன். உனக்குப் பொய்க் கடிதம் எழுதும் தைரியம் அந்தக் காபியோடு வந்ததுதான்.

பிறகு அப்பா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் முகம் போனதைவிட மோசமாக இருந்தது. என்ன அபராதம் கொடுத்தார் என்று கேட்கக்கூடாது, இருந்தும் கேட்டேன். சாமியார் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார்: தெரியாமல் நடந்தது, ஆண்டவருக்காகச் செய்யப்போய் நடந்தது, கல்லுக்குச் செய்ததெல்லாம் பாவம் ஆகாது, நிம்மதியாகப் போங்கள் என்று. உன் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: 'பாவமில்லன்னுட்டாரு. பாவம்னாத்தான மன்னிப்பாரு. நான் இத யாருகிட்ட கொண்டுபோய் எறக்கி வைக்க?'

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் புடவுக்குப் போய் வாசலில் உட்காருகிறார். முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார். ஜீப்பில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. நீ எப்போது வந்தாலும் அந்த வாரம் போடியில் கத்தரீனாள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையைக்கூட எடுத்து வைத்தார்.

அப்போதுதான் உன் குழாய் வந்தது. நான் எழுதிய பொய்யை நம்பி, வர முடியாவிட்டால் என்ன, சுவரையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ அன்று அளந்து அளந்து தாளில் எடுத்த படம். விரித்துக் கட்டிலில் வைத்து நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தோம். மான் கூட்டம் முழுக்க இருந்தது. கொம்பு இருந்தது. கீழே, இந்த இடத்தைப் பல தலைமுறைகளாகப் பாதுகாத்துவரும் ஒட்டுப்பாறை மக்களுக்கும், ஏணி சுமந்த என் அப்பா சூசையப்பனுக்கும் நன்றி என்று அச்சடித்திருந்தாய்.

அவர் அதை வாசித்தார். எழுந்து வெளியே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இடது பக்கம் இருந்த மான்களின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். எடுத்தார். மறுபடியும் மறைத்தார். இனி அந்த மான்கள் இந்தத் தாளில் மட்டும்தான் என்று எனக்கும் விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பையை எடுத்து, உள்ளே இருந்த வேட்டியையும் சட்டையையும் கொடியில் போட்டார். பிறகு உன்னிடம் இதைச் சொல்லச் சொன்னார்.

நீ வரவேண்டுமாம். பேராசிரியர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். சுவரைப் பற்றி எழுதும்போது டூரிஸ்ட்காரர்கள் என்றோ, யாரோ என்றோ எழுதக்கூடாதாம். நன்றி சொன்ன இடத்தில் பேர் போட்டாயே, அழித்த இடத்திலும் அதே பேரைப் போடவேண்டும் என்கிறார். கோயில் பேர் வேண்டாம், சிலுவைராஜ் பேர் வேண்டாம், சூசையப்பன் என்று மட்டும். உன் படிப்புக்கு இதனால் கேடு வருமா, அந்த அம்மா முன்னால் நீ தலைகுனிய வேண்டி வருமா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் அப்பா பேர் அச்சில் அப்படி வருவதை நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை. இரண்டில் எது வேண்டாம் என்று சொல்ல, பொய் எழுதிய எனக்கு வாய் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். நீ திட்டு. நன்றாகத் திட்டு. போனில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. சாமியாரிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது, அதற்காகத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், ஆனால் அவரைக் காத்திருக்க விட்டுவிடாதே.

வலது பக்கத்தில் ஒரு மானும் குட்டியும் அந்தக் கைகளும் இன்னும் இருக்கின்றன. காய்ந்த பாறையில் எங்களுக்குத் தெரிவதில்லை, ஆனால் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றாமல் அதை எப்படிப் பார்ப்பது என்று உனக்குத்தான் தெரியும். வந்து எங்களுக்கு இன்னொரு முறை காட்டு. இந்த முறை தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

போகிற வழியெல்லாம் மாதா உனக்குத் துணை இருக்கட்டும். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா மதலேனம்மாள்
(பக்கத்தில் அப்பாவும்)